ஒரு படி கீழே: எஞ்சினியர் கேலிகளின் கணக்கு

விடுதியில் சேர்ந்த முதல் வாரம். இரவுச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறோம். முன்னால் நின்ற மூன்றாம் ஆண்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "தம்பி எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். "சிவில்ணே" என்றேன். "கரணைய ஊர்லருந்தே கொண்டாந்துட்டியா, இல்ல இங்கதான் வாங்கணுமா?" வரிசை சிரித்தது. எனக்குப் பின்னால் நின்றவன் ட்ரிபிள் இ. அவனிடம், "அந்த ரெண்டாவது ஃபேன் சுத்தல, சாப்பிட்டுட்டு அப்படியே ஏறிப் பாத்துரு" என்றார். அடுத்து நின்ற இ.சி.இ. பையனிடம் தன் வீட்டு டி.வி.யில் கோடு கோடாக வருவதைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். கம்ப்யூட்டர் சயன்ஸ்காரனிடம் "லோயரா, ஹையரா?" என்று மட்டும் கேட்டார். டைப்ரைட்டிங் பரீட்சையைச் சொல்கிறார் என்பது அவனுக்கு விளங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அண்ணன் தட்டை நிரப்பிக்கொண்டு நகர்ந்ததும் இன்னொருவர் எங்கள் பக்கம் குனிந்து சொன்னார்: "அவன் மெக்குடா. செமஸ்டர் லீவுல வண்டிக்கு ஆயில் மாத்தறான்."

தமிழ்நாட்டில் எஞ்சினியரிங் படித்த யாருக்கும் இந்த வரிசை புதிதல்ல. கல்லூரி மாறும், மெஸ் மாறும், கேலி மாறாது. சிவில் என்றால் கொத்தனார், ட்ரிபிள் இ என்றால் லைன்மேன், இ.சி.இ. என்றால் ரேடியோ ரிப்பேர், மெக் என்றால் மெக்கானிக், கெமிக்கல் என்றால் சோப்புத் தூள், டெக்ஸ்டைல் என்றால் துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுபவர். இவற்றை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு கண்ணில் படுகிறது. ஒவ்வொரு கேலியும் பட்டதாரியை அவருடைய தொழிலிலேயே ஒரு படி கீழே இறக்கி, அங்கே கையால் வேலை செய்பவரின் பெயரை அவருக்குச் சூட்டுகிறது. எந்த எஞ்சினியரையும் யாரும் சமையல்காரர் என்றோ வக்கீல் குமாஸ்தா என்றோ கேலி செய்வதில்லை. இறக்கும் ஏணி அவரவர் துறைக்குள்ளேயே இருக்கிறது.

உலகம் முழுவதும் இப்படித்தானா என்றால், இல்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் சுற்றும் எஞ்சினியர் நகைச்சுவைகளில் பெரும்பாலானவை வேறு இடத்தில் குத்துகின்றன. பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. மனித உடலை வடிவமைத்த கடவுள் எந்தத் துறைக்காரராக இருப்பார் என்று மூன்று பேர் சண்டை போடுகிறார்கள். மூட்டுகளைப் பார்த்தால் மெக்கானிக்கல் என்கிறார் ஒருவர். நரம்புகளைப் பார்த்தால் எலெக்ட்ரிகல் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், சந்தேகமே இல்லாமல் சிவில்தான், கேளிக்கைப் பூங்காவுக்கு நடுவே சாக்கடைக் குழாயை வேறு யார் கொண்டுபோவார்கள் என்கிறார். நடுவழியில் நின்றுபோன கார் நகைச்சுவையும் இதே ரகம். ஒருவர் பிஸ்டனைச் சந்தேகப்படுவார், ஒருவர் பேட்டரியை, ஒருவர் பெட்ரோலை. சாஃப்ட்வேர்காரர் மட்டும், எல்லோரும் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறிப் பார்ப்போமே என்பார்.

இவற்றில் கேலிக்கு ஆளாவது எஞ்சினியரின் மூளை. தன் துறைக் கண்ணாடியைக் கழற்றத் தெரியாதவர், உலகத்தையே தன் பாடப்புத்தகமாகப் பார்ப்பவர், பாதித் தண்ணீர் உள்ள டம்ளரைப் பார்த்து டம்ளர் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்பவர். 1989இல் ஸ்காட் ஆடம்ஸ் தொடங்கிய டில்பர்ட் சித்திரத் தொடரும் இந்த மரபில் வந்ததுதான். அதில் எஞ்சினியர் அறிவாளி, ஆனால் மனிதர்களோடு பழகத் தெரியாதவர். நம் கேலியில் எஞ்சினியரின் மூளைக்கு வேலையே இல்லை. அவருடைய கையில் கரணையோ டெஸ்டரோ ஸ்பேனரோ திணிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஆட்சேபணை வரலாம். எஞ்சினியரைப் பழுது பார்ப்பவரோடு குழப்புவது அமெரிக்காவிலும் உண்டு. 2004இல் மெரிடித் நைட், கிறிஸ்டின் கன்னிங்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு எஞ்சினியரை வரையச் சொன்னார்கள். விஞ்ஞானியை வரையச் சொல்லி டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வின் வழித்தோன்றல் இது. விஞ்ஞானி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் கலைந்த தலையும் வந்ததுபோல, எஞ்சினியர் என்றால் கார் எஞ்சினைப் பழுது பார்ப்பவரையும் கட்டடம் கட்டுபவரையும் பல பிள்ளைகள் வரைந்திருந்தார்கள். ஆனால் அது அறியாமை. 'எஞ்சின்' என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் வரும் குழப்பம். நம் விடுதி வரிசையில் நின்ற அண்ணனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். தெரிந்துதான் இறக்குகிறார்.

தமிழில் நமக்கு வேறொரு வசதியும் இருக்கிறது. 'பொறியாளர்' என்று அரசாணையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டுக்கொள்கிறோம், வாயால் யாரும் சொல்வதில்லை. பொறி என்றால் எந்திரம், தீப்பொறி, எலிப்பொறி. நாலாவது செமஸ்டரில் ஆறு அரியர் வைத்திருப்பவன் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. சரஸ்வதி பூஜையன்று பொரி வாங்கப் போனால், "பொறியாளரே, உங்களுக்கு எத்தனை படி?" என்று கேட்கும் மளிகைக் கடைக்காரரும் உண்டு. ற-வுக்கும் ர-வுக்கும் பேச்சில் வித்தியாசம் பார்க்காத ஊர்களில் இந்த நகைச்சுவைக்கு ஆயுள் அதிகம்.

கேலியைப் பற்றி மானிடவியலில் ஒரு பழைய கட்டுரை இருக்கிறது. ஏ.ஆர். ராட்கிளிஃப்-பிரௌன் 1940இல் எழுதியது. சில உறவுகளில் ஒருவரை ஒருவர் அவமரியாதையாகப் பேசலாம், பேசவும் வேண்டும், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது சமூகத்தின் ஏற்பாடு என்றார். ஒட்டவும் வேண்டும், மோதவும் வாய்ப்புண்டு என்கிற இடங்களில், குறிப்பாகக் கல்யாணத்தால் இணையும் இரு தரப்பாருக்கிடையே, இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது என்பது அவருடைய விளக்கம். அவர் பெரும்பாலும் ஆப்பிரிக்க உதாரணங்களைக் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாமன் மச்சான் கேலி போதும். கல்யாண வீட்டில் மச்சினன் மாப்பிள்ளையின் மீசையைப் பற்றிச் சொல்வதை அண்ணன் சொன்னால் அடிதடி ஆகும்.

டிபார்ட்மென்ட் கேலியும் மச்சான் கேலிதான். சிவில்காரனும் எலெக்ட்ரிகல்காரனும் பின்னாளில் ஒரே சைட்டில் நிற்கப்போகிறவர்கள். தளம் போடும் அன்று காலையில் போய்ப் பாருங்கள். கம்பி கட்டி முடிந்திருக்கும், மிக்ஸர் ஓடத் தொடங்கியிருக்கும், ஆட்கள் சட்டி தூக்கத் தயாராக வரிசையில் நிற்பார்கள். அப்போதுதான் எலெக்ட்ரிகல் ஆள் வந்து ஃபேன் பாக்ஸ் இரண்டு இடத்தில் வைக்கவில்லை, பைப் ஒன்று விட்டுப்போயிற்று என்பார். கம்பிக்கு இடையில் கையை விட்டு அவர் பைப்பை வளைத்துச் செருகும் அரைமணி நேரத்தில் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொள்பவை அச்சில் ஏறாதவை. ஆனால் சாயங்காலம் டீ ஒரே கிளாஸிலிருந்து இரண்டாகப் பிரியும். வயரிங் பாக்ஸை மறந்தவனைக் கரண்டுக் கம்பத்துக் காக்கா என்று திட்டுவதற்கு விடுதியிலேயே நான்கு வருடப் பயிற்சி கிடைத்திருக்கிறது.

கேலி யார்மேல் பாய்கிறது என்பதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் உலகெங்கும் உள்ள இனக் கேலிகளைத் திரட்டி 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். 'முட்டாள்' நகைச்சுவைகளை மக்கள் முற்றிலும் அந்நியர்மேல் சொல்வதில்லை, தங்களைப் போலவே இருந்தும் ஓரத்தில் இருப்பவர்கள்மேல்தான் சொல்கிறார்கள் என்று காட்டினார். இங்கிலாந்துக்காரர் ஐரிஷ்காரரைச் சொல்வார், ஜப்பானியரைச் சொல்ல மாட்டார். நம் கல்லூரிகளில் இது அப்படியே பொருந்துகிறது. மெக்கானிக்கல்காரன் சளைக்காமல் கிண்டலடிப்பது கம்ப்யூட்டர்காரனை அல்ல, புரொடக்‌ஷன்காரனை: "மெக் கிடைக்கலன்னு வந்தவன்." கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ஐ.டி. என்றால் சித்தப்பா வீட்டுப் பையன். இ.சி.இ.க்கு இ அண்ட் ஐ. பாடத்தில் முக்கால்வாசி ஒன்று, ஒரே லேப், சில பேப்பருக்கு ஒரே வாத்தியார். கட்-ஆஃபில் ஒன்றிரண்டு மார்க்தான் வித்தியாசம். அந்த ஒன்றிரண்டு மார்க்கைத் தாங்கிப் பிடிக்கத்தான் இவ்வளவு நகைச்சுவையும்.

இந்தக் கேலிகளில் உண்மை எவ்வளவு? கொஞ்சம் இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம். சிவில்காரனுக்கு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, மெக்காரனுக்கு மைக்ரான் தெரியும், எலெக்ட்ரானிக்ஸ்காரனுக்கு நானோமீட்டர் என்பது பிரபலமான வரிசை. நம் நாட்டில் கான்கிரீட் வேலைக்கு வேதமான ஐ.எஸ். 456-ஐ எடுத்துப் பாருங்கள். தூணும் உத்தரமும் வரைபட அளவைவிட 12 மி.மீ. வரை கூடலாம், 6 மி.மீ. வரை குறையலாம் என்று அதிலேயே அனுமதி இருக்கிறது. ஒரு மெக்கானிக்கல்காரனிடம் போய் 25 மி.மீ. துளை 12 மி.மீ. பெரிதாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய வரைபடத்தில் ஹெச்-7 என்று எழுதியிருந்தால் அந்தத் துளைக்கு மொத்தச் சலுகையே 21 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

ஆனால் இதை வைத்துச் சிவில்காரனைச் சோம்பேறி என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன். துளை போடுவது கூரைக்குக் கீழே, ஒரே ஆள், ஒரே மெஷின். கான்கிரீட் போடுவது வெயிலிலும் மழையிலும், ஒரு லாரி ஜல்லி ஒரு மாதிரியும் அடுத்த லாரி வேறு மாதிரியும் வரும் இடத்தில். ஈரக் கலவையின் எடையைத் தாங்கிச் சென்டரிங் பலகை உப்பும், சவுக்குக் கட்டை அமுங்கும், வைப்ரேட்டர் பிடிப்பவருக்கு மத்தியானத்துக்குமேல் கை ஓயும். அத்தனையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த 12 மி.மீ. வந்தது. "சந்தேகம் வந்தா ஒன்றரையால பெருக்கு" என்று எங்களைக் கேலி செய்வார்கள். உண்மைதான். பாரத்தை 1.5-ஆல் பெருக்குகிறோம், கான்கிரீட்டின் வலுவை இன்னொரு 1.5-ஆல் வகுக்கிறோம், கம்பியை 1.15-ஆல் வகுக்கிறோம். விமானத்தின் இறக்கைக்கும் தாங்கவேண்டிய பாரத்துக்குமேல் ஒன்றரை மடங்குதான் விதி. அங்கே அதை யாரும் பயந்தாங்கொள்ளித்தனம் என்பதில்லை.

சாஃப்ட்வேர்காரர்மேல் உள்ள கேலி மட்டும் இந்த ஏணியில் சரியாக உட்கார மறுக்கிறது. ஏனென்றால் அவருக்குக் கீழே கைவேலைக்காரர் என்று ஒருவர் இல்லை. அதனால்தான் ஆரம்பத்தில் டைப்பிஸ்ட் என்றார்கள். அது சரியாக ஒட்டவில்லை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களும் குறைந்துவிட்டன. பிறகு "கூகுள்ல பாத்து காப்பி அடிக்கறவன்" என்றார்கள். இப்போது "அதையும் ஏ.ஐ. பண்ணுது" என்கிறார்கள். கீழே இறக்க ஆள் இல்லாதபோது எந்திரத்தையே ஆளாக்கிவிட்டோம். எஞ்சினியர் என்ற பெயர் தங்களுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே தொடங்கியதுதான். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்கு 'சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்' என்று பெயர் வைத்ததே, நாம் இன்னும் எஞ்சினியரிங் செய்யத் தொடங்கவில்லை என்று உறைக்கட்டும் என்பதற்காகத்தான்.

யார் மேலே, யார் கீழே என்பது காலத்துக்குக் காலம் புரண்டு வந்திருக்கிறது. அந்தப் புரளலின் தடம் கேலிகளிலேயே பதிந்திருக்கிறது. ஆதியில் ராணுவத்துக்கு வெளியே எஞ்சினியர் என்றால் சிவில் மட்டும்தான். 'சிவில்' என்ற சொல்லே ராணுவ எஞ்சினியரிடமிருந்து பிரித்துக் காட்ட வந்தது. லண்டனில் ஜான் ஸ்மீட்டன் முதலானோர் சிவில் எஞ்சினியர்கள் என்று சங்கம் அமைத்தது 1771இல். மெக்கானிக்கல்காரர் ஆயுதம் செய்வார், சிவில்காரர் அது விழ வேண்டிய இலக்கைக் கட்டுவார் என்றொரு நகைச்சுவை உண்டு. சிரிப்புக்குச் சொன்னாலும் சரித்திரம் அதிலிருந்து ரொம்பத் தூரமில்லை. சென்னையில் 1794இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னால் கிண்டி எஞ்சினியரிங் கல்லூரி ஆயிற்று. அங்கே மெக்கானிக்கல் பட்டப்படிப்பு வந்தது 1894இல், எலெக்ட்ரிகல் 1930இல், தொலைத்தொடர்பு 1945இல். நூறு வருடம் சிவில் ராஜ்ஜியம். அந்தக் காலத்து எஞ்சினியர் கேலி பொதுப்பணித் துறையைச் சுற்றியே வந்தது. ஜீப்பில் வருவார், ட்ராவலர்ஸ் பங்களாவில் கோழி அடிப்பார்கள், பாலத்தில் சிமெண்டைவிட மணல் அதிகம், மணலைவிடக் கமிஷன் அதிகம். அதில் கோபம் இருந்தது, ஆனால் யாரும் அவரைக் கொத்தனார் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஜீப்பில் வருபவரை எப்படி இறக்குவது?

திருப்பம் 1984க்குப் பிறகு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி வந்தது. அதுவரை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த கல்லூரிகள் பின்னாளில் 500ஐத் தாண்டின. பைபாஸ் ரோட்டில் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வரலாம். 2006 சட்டத்தால் நுழைவுத் தேர்வும் போயிற்று. ஒரு தெருவுக்கு ஒரு எஞ்சினியர் என்பது வீட்டுக்கு ஒருவர் என்று ஆனதும் கேலி நிறம் மாறியது. "கல்லை விட்டெறிஞ்சா ஒண்ணு நாய் மேல விழும், இல்லன்னா எஞ்சினியர் மேல விழும்" என்பது அந்தக் காலத்துச் சரக்கு. எண்ணிக்கை பெருகியதும் மரியாதை சரிந்தது, சரிந்ததும் கரணை கைக்கு வந்தது. நான் முதலில் சொன்ன ஏணிக் கேலி பரவலானது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். ஜீப் இல்லாத எஞ்சினியரை இறக்குவது சுலபம்.

சினிமாவும் இதைப் பின்தொடர்ந்தது. சாஃப்ட்வேர் சம்பளம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட ஆண்டுகளில் கதாநாயகிக்கு நிச்சயிக்கப்படுபவர் அமெரிக்க மாப்பிள்ளையாகவே வந்தார். நல்லவர், கண்ணாடி போட்டவர், கடைசி ரீலில் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பவர். 2007இல் ராமின் 'கற்றது தமிழ்' வந்தபோது அந்தச் சம்பளத்தின்மேல் இருந்த ஆத்திரம் சிரிப்பைத் தாண்டிவிட்டது. 2014இல் 'வேலையில்லா பட்டதாரி' வந்தது. வேலை கிடைக்காத சிவில் எஞ்சினியர் கதாநாயகன், ஐ.டி.யில் சம்பாதிக்கும் தம்பி. அந்தப் படம் வந்த வாரத்தில் சிவில்காரர்கள் தியேட்டரில் அடித்த விசிலைக் கேட்டிருந்தால், துறை என்பது ஜாதிக்குச் சமமான சங்கதி என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். நான் மூன்று தடவை பார்த்தேன்.

'ராயல் மெக்' என்ற முழக்கத்தையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டைக்குப் பின்னால் எழுதிக்கொள்வார்கள், சிம்போசியத்தில் கத்துவார்கள். சி.எஸ்.காரன் ராயல் என்று எங்கும் எழுதிக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஆஃபர் லெட்டர் போதும். கேம்பஸில் வரும் கம்பெனிகளில் பாதி "எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் சரி" என்று எல்லோரையும் கோடு எழுத அழைத்துப்போன காலத்தில், லேத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு ராஜ வம்சம் என்ற ஆறுதல் தேவைப்பட்டிருக்கிறது. இப்போது பல கல்லூரிகள் மெக்கிலும் சிவிலிலும் இடங்களைக் குறைத்துவிட்டு ஏ.ஐ., டேட்டா சயன்ஸ் என்று போர்டு மாற்றுகின்றன. முழக்கம் இன்னும் உரக்கக் கேட்கிறது.

மெக் வகுப்பில் பெண்கள் இல்லை என்ற கேலியும் ராயலுக்கு இணையாக ஓடும். மெக் பையன்கள் காரணமே இல்லாமல் இ.சி.இ. பிளாக் பக்கம் போய் வருவார்கள், லேத்தைக் காதலிப்பார்கள், இத்யாதி. இந்த வகைக் கேலியில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அறுபது பேர் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தால், நகைச்சுவை முழுக்க அறுபதில் ஐம்பத்தேழு பேரின் ஏக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும். அந்த மூன்று பேர் ஃபவுண்டரி லேபில் என்ன பட்டார்கள் என்பதை யாரும் நகைச்சுவையாகக்கூடச் சொன்னதில்லை. கிண்டியில் 1940இல் ஏ. லலிதா எலெக்ட்ரிகலில் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அடுத்த ஆண்டு பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவிலில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுத வேண்டியிருந்தது. லலிதா பின்னால் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் வேலைகளில் பங்கெடுத்தார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். எஞ்சினியர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற படத்தை முதலில் பேனாவால் அடித்துத் திருத்தியது அந்தச் சான்றிதழ்தான்.

இனி அந்த ஏணிக்கே வருகிறேன். கொத்தனார் என்பது ஏன் வசவாகிறது? தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டில் அதைக் கட்டியவரின் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். 1010இல் முடிந்த கோவில். ராஜாவின் பெயரும் தச்சனின் தொழிலும் ஒரே பட்டத்தில். இன்றைக்கு ஒரு சீஃப் எஞ்சினியரைப் பெருந்தச்சன் என்று கூப்பிட்டால் மெமோ வரும். பெருந்தச்சனுக்கு இருந்த கௌரவம் அவருக்குக் கீழே கல் சுமந்தவர் வரைக்கும் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை, போயிருக்காது. ஆனால் கணக்குப் போடுபவரும் உளி பிடிப்பவரும் ஒரே பெயருக்குள் இருந்தார்கள். நடுவில் எங்கேயோ தாள் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் பிரிந்தன. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. என்று மூன்று படி வைத்தோம். ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் கையில் உள்ள கறையைத் தன்மேல் படாமல் பார்த்துக்கொள்வதில் பாதி ஆயுளைச் செலவழிக்கிறது. இங்கே கைவேலையும் ஜாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், கரணை என்ற ஒரு சொல்லுக்கு விடுதி வரிசையில் இவ்வளவு சிரிப்பு வருகிறது. அமெரிக்கக் கேலி மூளையைத் தேடிப் போவதற்கும் நம் கேலி கையைத் தேடிப் போவதற்கும் இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, முதலாண்டில் எல்லாத் துறைக்காரரும் ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்தே ஆக வேண்டும். ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவி, வி வடிவத்தில் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ், இ.சி.இ., யாரும் விதிவிலக்கல்ல. மூன்று மணி நேரம் ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒளி பல்லைக் காட்டும். கொப்புளத்தோடு நின்ற எங்களிடமிருந்து துண்டை வாங்கி, ஒர்க்‌ஷாப் உதவியாளர் நாலு இழுப்பு இழுத்துத் தருவார். ஒளி மறைந்துவிடும். அவருக்கு ஒரு டீயும் பஜ்ஜியும் கணக்கு. ரெக்கார்ட் நோட்டில் மார்க் எங்களுக்கு.

எஞ்சினியர்களைப் பற்றி எஞ்சினியர்கள் சொல்வதைத்தான் இதுவரை பார்த்தோம். கீழ்ப்படியில் நிற்பவர்கள் மேல்படியைப் பற்றிச் சொல்லும் கேலிகள் தனிக் களஞ்சியம். அது எங்கேயும் தொகுக்கப்பட்டு என் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்ததில் ஒன்றைச் சொல்கிறேன், அது என்மேல் விழுந்தது.

வேலையில் சேர்ந்த புதிது. ஒரு வீட்டின் அஸ்திவாரத்துக்குமேல் பெல்ட் போடும் மட்டம் குறிக்க வேண்டும். மேஸ்திரி வழக்கம்போல டியூபில் தண்ணீர் நிரப்பி, கட்டைவிரலால் ஒரு முனையை அடைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை போய்ப் பென்சிலால் கோடு போட்டார். நான் புதிதாக வந்திருந்த ஆட்டோ லெவலை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டாஃப் பிடிக்க ஒரு பையனை நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தோடு படித்தேன். கடைசி மூலையில் என் கணக்குக்கும் அவர் கோட்டுக்கும் 12 மி.மீ. வித்தியாசம். டியூபில் காற்றுக் குமிழ் இருக்கும், திரும்பப் பாருங்கள் என்றேன். அவர் பதில் பேசாமல் டியூபை வெயிலுக்கு நேரே தூக்கி ஒரு தடவை நீள நெடுகப் பார்த்தார். குமிழ் இல்லை. பிறகு என் பக்கம் நடந்து வந்து ஸ்டாண்டைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். அதன் ஒரு கால் முந்தின நாள்தான் கொட்டி நிரப்பியிருந்த மணலில் நின்றிருந்தது. முதல் அளவை எடுத்த பிறகு அது மெல்ல அமுங்கி இறங்கியிருக்கிறது. கருவி தன் பாட்டுக்குக் கோட்டை மட்டமாகவே காட்டும், ஆனால் உயரம் குறைந்துபோயிருக்கும்.

"சார், உங்க ஸ்டாண்டுல ஒரு கால் டீ குடிக்கப் போயிருக்கு."

சித்தாள்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாண்டைக் கெட்டித் தரையில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். வித்தியாசம் 1 மி.மீ. அன்றிலிருந்து அந்த சைட்டில் என் பெயர் 'ஒத்தைக்கால் எஞ்சினியர்'. செங்கல் லோடு வந்தால் கையெழுத்துக்கு "ஒத்தைக்காலார் எங்க?" என்று கேட்பார்கள். பத்து மாதம் கழித்து கிரகப்பிரவேசம். பந்தியில் எனக்கு எதிர் இலையில் மேஸ்திரியும் அவர் மகளும் உட்கார்ந்தார்கள். மகள் அந்த வருடம் சிவில் சேர்ந்திருந்தாள். "இவருதாம்மா அந்த ஒத்தைக்கால் எஞ்சினியர்" என்றார் மேஸ்திரி. அவள் சாம்பாரை மறந்து குனிந்து, இலைக்கு அடியில் என் காலைப் பார்த்தாள்.